வேன் கட்டிலுக்கு அடியில் எந்த பேட்டரி: டியூப்ளரா, லித்தியமா?

ஆந்திராவின் குப்பம் ஊரில் பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் பொருத்தியபோது பேட்டரியில் மட்டும் கையை இறுக்கிக்கொண்டேன். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் அதே 150 ஆம்பியர்-மணி டியூப்ளர், அதாவது ஈயமும் ஆசிடும் உள்ள பேட்டரி. ஒன்றரை வருஷம் கழித்து 100 ஆம்பியர்-மணி லித்தியத்துக்கு மாறினேன். அதனால் இது நடுநிலை அலசல் இல்லை, லித்தியத்துக்குத்தான் வக்காலத்து.

ராத்திரியானால் லாட்ஜ், தாபா வாசலில் ஒயரைச் செருகிக்கொள்பவர்களுக்கு இந்தக் கேள்வியே வேண்டாம், டியூப்ளர் போதும். நான் பேசுவது கரண்டும் குழாயும் இல்லாத இடத்தில் மூன்று நான்கு நாள் வண்டியை அசைக்காமல் கிடப்பதைப் பற்றி. அதற்கு ஜெய்சல்மர்வரை ஓட வேண்டும் என்றில்லை. அனந்தபுரம் மாவட்டத்தில் கணேகல், பொம்மனஹால் பக்கம் வேதவதி ஆற்று மணலைக் காற்று வாரிக் கொட்டி மேடு மேடாக்கி வைத்திருக்கிறது. எங்கள் ஒத்திகையெல்லாம் அங்கேதான், அப்புறம்தான் தார் பாலைவனம். ஜெனரேட்டரா? அந்த அமைதியில் அதை உறுமவிடுவதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம்.

எடை, விலை இரண்டும் எல்லாருக்கும் தெரிந்ததே. டியூப்ளர் 50 கிலோவுக்கு மேல், லித்தியம் 12 கிலோ சொச்சம். விலையில் லித்தியத்துக்கு இரண்டரை மடங்கு கொடுத்தேன். டியூப்ளரைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 150-இல் 75தான் நம்முடையது. லித்தியத்தில் 100-இல் 80, 90 வரை எடுக்கலாம். ஆகக் கொள்ளளவில் பெரிய வித்தியாசம் இல்லை. இந்தக் கணக்கோடு நிறுத்தியதுதான் நான் செய்த தப்பு.

எவ்வளவு கொடுக்கும் என்று பார்த்தேனே தவிர, எவ்வளவு வேகமாக வாங்கிக்கொள்ளும் என்று பார்க்கவில்லை. ஃப்ரிட்ஜ், இரண்டு ஃபேன், விளக்கு, செல்போன் என்று எங்களுக்கு ஒரு நாளைக்கு 70 ஆம்பியர்-மணி ஆகிறது. கூரையில் 400 வாட் சோலார் தகடு. நல்ல வெயிலில் 25 ஆம்பியர் தரும். ஆனால் டியூப்ளருக்கு 15 ஆம்பியர் அளவில்தான் ஏற்ற வேண்டும், அதுவும் எண்பது சதவீதம் தாண்டியதும் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே போகும். முழுசாக ஏற எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். உருப்படியான வெயிலோ ஒன்பதிலிருந்து நாலு வரை. முதல் நாள் பத்து சதவீதம் குறை, மறுநாள் அந்தக் குறையின் மேல் இன்னொரு குறை. மூன்றாம் நாள் விடியற்காலை ஃப்ரிட்ஜ் நின்று பால் திரிந்திருக்கும். தலைக்கு மேல் வெயில் கொளுத்துகிறது, கட்டிலுக்கு அடியில் பேட்டரி பட்டினி!

அரைகுறையாகவே கிடந்தால் ஈயத் தகட்டில் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். குப்பத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு நாள்கூட வயிறு நெறயலண்ணா" என்றார். லித்தியம் அந்த 25 ஆம்பியரையும் மறுக்காமல் விழுங்குகிறது. பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குள் நிறைந்துவிடும். மேகம் போட்டு ஒரு நாள் அரைகுறையாக நின்றாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

டிஸ்டில்டு வாட்டர் தொல்லையையும் சொல்ல வேண்டும். குடிக்கிற தண்ணீரையே டம்ளர் கணக்கில் அளக்கிற இடத்தில் பேட்டரிக்குத் தனியாக ஒரு கேன். மண்பாதைக் குலுக்கலில் ஆசிட் கசிந்து கட்டில் பலகை ஒரு மூலையில் அரித்தே போனது. சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன் வெளியே போக வழி வைக்காமல் அதன்மேல் படுக்கவும் கூடாது.

லித்தியத்திலும் வில்லங்கம் உண்டு. வண்டி ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரில் நேராகக் கொடுத்தால் அளவு மீறி இழுத்து அதைச் சூடாக்கிவிடும். நடுவில் அந்த இழுப்பை அளவோடு வைக்கும் டிசி-டிசி சார்ஜர் ஒன்று வேண்டும், அது தனிச் செலவு. பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. தாரில் பிப்ரவரி ராத்திரி குளிர்ந்ததே தவிர அவ்வளவுக்குப் போகவில்லை. லடாக் கிளம்புகிறவர்கள் என் பேச்சை நம்ப வேண்டாம். மே மாத வெயிலிலும் நான் வண்டியை நிறுத்திப் பார்த்ததில்லை. பத்து வருஷம் வரும் என்று கடையில் சொன்னார்கள். நான் வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது. பழைய டியூப்ளரைக் கடையில் போட்டால் ஈயத்துக்காவது ஒரு விலை கிடைக்கும். செத்த லித்தியத்தைக் குப்பத்தில் யாரும் வாங்குவதாகத் தெரியவில்லை.

அந்த டியூப்ளரை எடைக்குப் போடவில்லை. எலக்ட்ரீஷியன் இரண்டு நாள் மெதுவாகச் சார்ஜ் ஏற்றியதில் பாதி உயிர் திரும்பியது. இப்போது மச்சினன் பால் டிப்போவில் ஃபேன் ஓட்டுகிறது. அங்கே ராத்திரி முழுக்கக் கரண்டில் கிடக்கிறது. "இதுல என்ன கொறன்னு மாத்தினீங்க மாமா?" என்று இன்னும் கேட்கிறான்.