தினமும் கட்டும் பழைய ஒமேகா: விலை ஏறிய பிறகு

1960களில் வந்த ஒமேகா கான்ஸ்டலேஷன் கைக்கடிகாரம் ஒன்றைப் பத்து வருடத்துக்கு மேலாகக் கட்டி வருகிறேன். ஸ்டீல் கேஸ், உள்ளே 561 என்ற, கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் இயந்திரம், ஓரம் பன்னிரண்டு பட்டைகளாகச் சரிந்து இறங்கும் டயல். சேகரிப்பாளர்கள் அந்த டயலை பை-பேன் என்பார்கள். முதுகில் ஜெனீவா வான் ஆய்வகத்தின் உருவமும் அதற்கு மேலே எட்டு நட்சத்திரங்களும். வேலைக்கும் இதுதான், பயணத்துக்கும் இதுதான். நான் வாங்கியபோது இதை யாரும் பெரிதாகத் தேடவில்லை. இன்று இதே மாடலுக்குக் கேட்கிற பணத்தில் அன்று இரண்டு வாங்கியிருக்கலாம், ஸ்ட்ராப்புக்கும் மிச்சம் இருந்திருக்கும்.

முதலில் அன்றாடப் பயன்பாடு. நாளைக்குப் பத்து விநாடி போல முந்தி ஓடுகிறது. இன்றைய சுவிஸ் க்ரோனோமீட்டர் என்ற துல்லியச் சான்றிதழுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு நான்கு விநாடி பிந்தலாம், ஆறு விநாடி முந்தலாம். அரை நூற்றாண்டு தாண்டிய இயந்திரம் அந்தக் கணக்குக்கு இவ்வளவு பக்கத்தில் நிற்பதே எனக்குப் போதும். துடிப்பு மணிக்கு 19,800. இன்றைய வாட்சுகளில் பெரும்பாலும் 28,800. காதருகே வைத்துக் கேட்டால் அந்த நிதானம் தெரியும். வெள்ளி இரவு கழற்றி வைத்தால் ஞாயிறு மாலைக்குள் நின்றுவிடும்.

தொல்லை என்றால் தேதிதான். 561இல் தேதியை மட்டும் தனியாக மாற்ற வழியில்லை. முள்ளைச் சில மணி நேரம் பின்னுக்குத் திருப்பி, மறுபடி நள்ளிரவைத் தாண்ட வைத்து, இப்படி ஒவ்வொரு தேதியாக நகர்த்த வேண்டும். பின்னால் வந்த 564இல் இந்தக் குறை தீர்ந்தது, அதற்காகவே அதைத் தேடுகிறவர்கள் உண்டு. நானோ பல நாள் தவறான தேதியோடுதான் திரிகிறேன்.

தண்ணீர் விஷயத்தில் எந்தத் தைரியமும் வேண்டாம். பின்மூடியில் என்ன எழுதியிருந்தாலும் அது புது ரப்பர் வளையத்துக்குச் சொன்னது. கை கழுவலாம், தூறலில் நடக்கலாம், அதோடு சரி. காந்தம் இன்னொரு எதிரி. ஸ்பீக்கர், டேப்லெட் உறை, கைப்பையின் காந்தப் பூட்டு எல்லாம் இந்த வாட்ச் பிறந்த காலத்தில் இவ்வளவு இல்லை. தலைமுடி மாதிரி மெல்லிய சுருள்வில்லில் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாட்ச் நாளைக்குப் பல நிமிடம் முந்தி ஓடும். பயப்பட வேண்டாம், காந்தம் நீக்கும் சின்னக் கருவியில் நொடியில் சரியாகிவிடும்.

கண்ணாடி அக்ரிலிக். கீறல் எளிதில் விழும், அதே எளிமையோடு போகும். பாலிஷ் களிம்பும் ஒரு துணியும் இருந்தால் வீட்டிலேயே தேய்த்துவிடலாம். ஒரிஜினல் கண்ணாடியின் நடுமையத்தில், உட்புறம், ஊசிமுனை அளவில் ஒமேகா சின்னம் ஒன்று இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால்தான் அகப்படும். முன்பு இதையெல்லாம் கேட்பார் இல்லை. இன்று வாங்க வருகிறவர்களின் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.

விலை ஏன் இப்படி ஏறியது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1969 டிசம்பரில் செய்கோ ஆஸ்ட்ரான் வந்தது, முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம், பேட்டரியில் ஓடுவது. அதற்கடுத்த பதினைந்து வருடங்களில் சுவிஸ் கடிகாரத் தொழிலில் வேலை பார்த்தவர்கள் சுமார் 90,000 பேரிலிருந்து முப்பதாயிரத்துச் சொச்சமாகக் குறைந்தார்கள். சாவி கொடுக்கும் வாட்சுகள் செல்லாக்காசாகின. தங்கத்தின் விலை ஏறியபோதெல்லாம் எத்தனையோ நல்ல வாட்சுகளின் கேஸை உருக்கிவிட்டு இயந்திரத்தை மட்டும் டப்பாவில் போட்டார்கள். இன்றைக்கும் கேஸ் இல்லாத அனாதை இயந்திரங்கள் விற்பனைக்கு வருவது அதனால்தான். ஆக, பழைய வாட்சுகளின் இருப்பு அதிகரிக்க வாய்ப்பே இல்லை, குறையத்தான் செய்யும்.

தேவை மட்டும் ஏறிக்கொண்டே போனது. 2017 அக்டோபரில் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா, நியூயார்க்கில் பிலிப்ஸ் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்கு மேல் போனது. அந்த வகை டயல் புதிதாக வந்த காலத்தில் கடைகளில் விலை போகாமல் கிடந்தது என்பதுதான் வேடிக்கை. 2020க்குப் பிறகு புது ஸ்டீல் ரோலெக்ஸுக்குக் காத்திருப்போர் வரிசை நீண்டது. படேக் பிலிப் 2021இல் நாட்டிலஸ் 5711 என்ற மாடலை நிறுத்தப்போவதாகச் சொன்னதும் மறுவிற்பனையில் விலை தறிகெட்டு ஓடியது. 2022 தொடக்கத்தில் உச்சம் தொட்டு அப்புறம் இறங்கியது. புதிது கிடைக்காமல் சலித்தவர்கள் பலர் பழையதின் பக்கம் வந்தார்கள், வந்தவர்களில் ஒரு பகுதி திரும்பிப் போகவில்லை. பெரிய டயல் மோகம் தணிந்து 34, 36 மில்லிமீட்டர் அளவு மறுபடி பிடித்துப்போனதும் ஒரு காரணம். என் வாட்சைப் பார்த்து "பெண்கள் வாட்சா?" என்று ஒரு காலத்தில் கேட்டவர்கள் உண்டு, இப்போது யாரும் கேட்பதில்லை.

சரி, விலை ஏறினால் வைத்திருப்பவனுக்கு லாபம்தானே? பயன்படுத்துகிறவனுக்கு அது அவ்வளவு நேரான கணக்கு இல்லை. சந்தை பணம் கொடுப்பது எவர் கையும் படாத வாட்சுக்கு. தினமும் கட்டுகிறவனுக்கு வேண்டியதோ ஒழுங்காகப் பழுது பார்த்த வாட்ச். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். மங்கிய டயலைப் புதிதாகத் தீட்டினால் மணி பார்க்க வசதி, ஆனால் மதிப்பில் பெரும்பங்கு அன்றே போய்விடும். கேஸை மெருகேற்றினால் பளபளக்கும். ஸ்ட்ராப் பிடிக்கும் கால்களின் கூர்விளிம்பு மழுங்கிவிட்டது என்று விலையைக் குறைப்பார்கள். முள் துருப்பிடித்தால் மாற்றுவதுதான் இயந்திரத்துக்கு நல்லது, துகள் உதிர்ந்து உள்ளே விழாது. அதையும் குற்றமாகத்தான் எழுதுவார்கள். முன்பெல்லாம் தயாரிப்பு நிறுவனங்களே சர்வீஸுக்கு வந்த வாட்சில் டயலையும் முள்ளையும் புதிதாக மாற்றிக் கொடுத்தன, வாடிக்கையாளரும் நன்றி சொல்லி வாங்கிப்போனார். அந்த வாட்சுகள்தான் இன்று ஏலப் பட்டியலில் 'சர்வீஸ் டயல்' என்ற குறிப்போடு மலிவாகப் போகின்றன.

இதில் எனக்குக் கிடைத்த அனுபவம் கசப்பானது. ஒரு பட்டறையில் எண்ணெய் மாற்றக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது கேஸ் கண்ணாடி மாதிரி மின்னியது, கண்ணாடியும் புதிது. பழைய கண்ணாடி எங்கே என்றால் குப்பைக்குப் போய்விட்டதாம். நன்றாகத்தானே செய்திருக்கிறோம் என்று அவர்களுக்கு வருத்தம் வேறு. அவர்கள் பார்வையில் அது உபசாரம்! அன்றிலிருந்து வாட்சைக் கொடுக்கும்போதே காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன்: பாலிஷ் கூடாது, கழற்றிய எதையும் எறியக் கூடாது. மாற்றிய பாகங்கள் எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலங்களாக என்னிடம் இருக்கின்றன.

பணம் பெருகிய இடத்தில் பித்தலாட்டமும் வரும். 2021 நவம்பரில் ஜெனீவாவில் 1957ஆம் ஆண்டின் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் பிராங்குக்கு மேல் ஏலம் போனது. டயல் வெயிலில் பழுத்துப் பழுப்பாகியிருந்தது, அதற்காகத்தான் அந்த விலை. வாங்கியது ஒமேகாவின் அருங்காட்சியகமே. 2023இல் அது பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது என்றும், அதில் தன் முன்னாள் ஊழியர்களுக்குப் பங்கு உண்டு என்றும் அந்த நிறுவனமே சொன்னது. செய்தவர்களே ஏமாறும் இடத்தில் நாம் எம்மாத்திரம்? அதனால் வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: பெட்டியும் காகிதமும் பார்த்து மயங்காதீர்கள், பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இயந்திரத்தின் வரிசை எண் காட்டும் வருடமும் கேஸ் மாடலின் காலமும் ஒத்துப்போகிறதா, டயலின் எழுத்து நேராகவும் கூர்மையாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். திறக்க மறுப்பவரிடம் பேரம் பேசவே வேண்டாம்.

இருட்டில் ஒளிரும் டயல் என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1960கள் வரை அதில் ரேடியம் பூசினார்கள், பிறகு டிரிட்டியம். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12 வருடத்துக்குச் சற்று அதிகம், ஆகவே அந்த ஒளி எப்போதோ அணைந்திருக்கும். ரேடியத்துக்கு 1,600 வருடம். பூச்சு ஒளிராமல் போனாலும் கதிர்வீச்சு அப்படியே இருக்கும். மூடியிருக்கும் வரை சரி, அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. வீட்டில் உட்கார்ந்து திறந்து சுரண்டும் வேலை வேண்டாம். என் டயலில் பூச்சே இல்லை, இருட்டில் மணி பார்க்க முடியாது, நிம்மதியாகவும் இருக்கிறேன்.

முதலீடாக வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. ஏலத்தில் வாங்கினால் சுத்தியல் விலைக்கு, அதாவது ஏலம் முடிந்த விலைக்கு மேல் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு ஏல நிறுவனத்துக்குப் போகும், விற்கும்போது இன்னொரு பங்கு போகும். நடுவில் சர்வீஸ் செலவு ஐந்தாறு வருடத்துக்கு ஒரு முறை. பாகங்கள் பிரச்சினை அதைவிடப் பெரிது. பெரிய சுவிஸ் நிறுவனங்கள் வெளியாட்களுக்கு உதிரிபாகம் கொடுப்பதைச் சுருக்கிவிட்டன. தனியாக வேலை செய்யும் நல்ல ரிப்பேர்காரர் ஒருவர், ஒரு பல்சக்கரத்துக்காக இன்னொரு வாட்சையே வாங்கிப் பிரிக்க வேண்டியிருக்கிறது. பிரிப்பதற்கு வாங்கும் வாட்சின் விலையும் இப்போது ஏறிவிட்டது. 561 வகை இயந்திரங்கள் ஏராளமாகச் செய்யப்பட்டவை என்பதால் என் நிலைமை பரவாயில்லை. ஸ்டாப்வாட்ச் வசதி உள்ள அரிதான க்ரோனோகிராஃப் வைத்திருப்பவர்கள் பாடு திண்டாட்டம்.

என் வாட்சில் இப்போது தேய்ந்திருப்பது சாவித் திருகு. பத்துப் பட்டை கொண்ட ஒரிஜினல், பட்டைகள் மழுங்கிப்போய் விரல் வழுக்குகிறது. அதை வெளியே இழுக்கவே நகம் நோகிறது. அடுத்த சர்வீஸில் புதுத் திருகு போடச் சொல்லியிருக்கிறேன். சேகரிக்கும் நண்பர் ஒருவர் கேள்விப்பட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பழைய திருகு பொட்டலத்துக்குப் போகும், வேண்டுமென்றால் எனக்கு அடுத்து வருகிறவர் மாட்டிக்கொள்ளட்டும்.