முடக்கத்தான் தோசைப் பொடி வாங்கலாமா?

நம்ம நெல்லையில் பாளை, டவுன் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் முடக்கத்தான் இரண்டு விதமாகக் கிடைக்கிறது: வெறும் இலைப்பொடி, அரிசி உளுந்து கலந்த உடனடி தோசைப் பொடி. வாங்குவதென்றால் இலைப்பொடிதான். லேபிளில் சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில்தான் அச்சடிக்க வேண்டும். தோசைப் பொடியில் இலையின் பெயர் உப்புக்கும் கீழே இருந்தால், காசு அரிசி மாவுக்குத்தான் போகிறது.

நிழலில் காய்ந்த பொடி பச்சை மாறாமல் இருக்கும். பழுப்படித்து வைக்கோல் வாடை வந்தால் விட்டுவிடுங்கள். ஆறு தோசைக்கான புளித்த மாவுக்கு ஒரு தேக்கரண்டி போதும், அதுவும் கல் காயும்போது கலந்தால் போதும். முந்தின ராத்திரியே கலந்து வைத்தால் காலையில் கசப்பு ஏறிவிடும். ஊத்தப்பமாகக் கனத்து ஊற்றினால் பச்சை வாடை போகாது. மெல்லிசாக இழுத்து, நல்லெண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் முறுக வேக வேண்டும். உடனடிப் பொடி புளிக்காத மாவு என்பதால் கல்லில் ஒட்டும். நாலில் ஒரு பங்கு வீட்டு மாவு சேர்த்து 20 நிமிஷம் ஊறவிட்டால் தோசை எடுக்க வரும். இலை கூடினால் வயிறு இளகும். வேலியில் பச்சை இலை படர்ந்திருக்கிற வீட்டுக்குப் பாக்கெட்டே தண்டம்.

சில பாக்கெட்டுகளின் பின்பக்கம் 'முடக்குவாதம் தீரும், மாத்திரை வேண்டாம்' என்று இருக்கிறது. இதை நம்பி, முடக்குவாதத்துக்கு (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) டாக்டர் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை நிறுத்தினால் மூட்டு எலும்பு அரிந்துபோவது உள்ளுக்குள் நடந்துகொண்டே இருக்கும். முடக்குவாதத்தில் உணவால் பலன் கண்ட ஆய்வுகள் ஒற்றை இலையை வைத்து நடந்தவை அல்ல, மொத்தச் சாப்பாட்டையே மாற்றியவை. 1991-ல் வந்த நார்வே ஆய்வில் 7 முதல் 10 நாள் உபவாசம், பிறகு மூன்றரை மாதம் கோதுமையின் குளூட்டன் என்ற புரதமும் பாலும் முட்டையும் மாமிசமும் இல்லாத உணவு. 2023-ல் வந்த நெதர்லாந்து ஆய்வில் 16 வாரம் தாவர உணவு, கூடவே உடற்பயிற்சி, மன அழுத்தக் குறைப்பு. நோய்த்தீவிரத்தை அளக்கும் டாஸ்28 மதிப்பெண் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற குழுவைவிட 0.9 குறைந்தது. அதில் உணவின் பங்கு எவ்வளவு, மற்றதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பாலும் முட்டையும் மாமிசமும் கோதுமையும் இல்லாத இந்தச் சாப்பாடு நெல்லைச் சமையலுக்குப் பெரிய கஷ்டமில்லை. தொலி உளுந்தில் வடித்த உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், அவியலில் தயிருக்குப் பதில் புளி என்றே பாதி வாரம் ஓடிவிடும். (உளுந்து வாயு, மூட்டுக்கு ஆகாது என்று பயமுறுத்துவார்கள். முடக்குவாதம் நோய் எதிர்ப்பு சக்தி தன் மூட்டையே தாக்குவது. உளுந்து என்ன செய்யும்?) சொதியில் தேங்காய்ப்பால் கொழுப்பு அதிகம், மாதம் ஒருமுறை போதும். நெய்யும் கோதுமையுமான அல்வா இந்தச் சாப்பாட்டில் சேரவே சேராது.

மாமிசத்தோடு பால், தயிர், முட்டை மொத்தமும் நின்றால் வைட்டமின் பி12 மாத்திரை கட்டாயம். மெத்தோட்ரெக்ஸேட்டோடு தருகிற ஃபோலிக் அமிலம் பி12 குறைவால் வரும் ரத்தசோகையை வெளியே தெரியாமல் மறைத்துவிடும், நரம்புச் சேதம் மட்டும் நடக்கும். கால் மரத்துப்போனால் அதையும் மூட்டுவலிக் கணக்கில் எழுதாமல் ரத்தத்தில் பி12 அளவைப் பாருங்கள்.