வெள்ளத்தில் மூழ்கிய அப்பாவின் ஸ்ப்ளெண்டர்: இரண்டே முக்கால் வருடம், 16,400 கிலோமீட்டர்

2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் சென்னையை ஒட்டிய முடிச்சூருக்குள் புகுந்தபோது அப்பாவின் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் வாசலில் நின்றது. 2001 மாடல். மாடியிலிருந்து பார்த்தால் ஹேண்டில்பாரும் இரண்டு கண்ணாடியும் மட்டும் தெரிந்தன. தண்ணீர் வடிந்ததும் அப்பா சேற்றைக் கழுவிவிட்டு நாலைந்து கிக் அடித்துப் பார்த்தார். அது அசையவில்லை. அந்த மாதம் எங்கள் பக்கத்து மெக்கானிக் கடைகளின் வாசலில் முழுகிய வண்டிகள் வரிசை கட்டி நின்றன. முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மாடிப்படிக்கு அடியில் தள்ளி, மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டார். அப்புறம் அதன்மேல் பழைய பேப்பர் கட்டு ஏறியது, உடைந்த மிக்ஸி ஏறியது, கொலுப் படியும் ஏறியது. அப்படியே ஆறரை வருடம் போயிற்று.

2022 ஜூனில் பழைய இரும்புக்காரர் வந்து 3,500 ரூபாய் தருவதாகச் சொன்னார். அப்பா பேரம் பேசத் தொடங்கியதும்தான் எனக்கு உறைத்தது. "வேண்டாம்ப்பா, நான் பண்றேன்" என்றேன். "உனக்கு சைக்கிள் பஞ்சரே ஒட்டத் தெரியாதேடா" என்றார். அது உண்மைதான். நான் ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கை காலி.

இதுவே யமஹா ஆர்எக்ஸ் 100 என்றால் ஊரே வந்து எட்டிப்பார்க்கும். 1996-இலேயே உற்பத்தி நின்ற வண்டிக்கு இன்றைக்கு லட்சத்துக்கு மேல் விலை சொல்கிறார்கள். ஸ்ப்ளெண்டருக்கு அந்த மவுசு கிடையாது. ஆனால் எந்த ஊரில் எந்தக் கடையில் கேட்டாலும் அதற்குச் சாமான் இருக்கும். முதல்முறை ஸ்பேனர் பிடிக்கிறவனுக்கு இதைவிட நல்ல வண்டி அமையாது என்று இப்போதும் நினைக்கிறேன்.

முதலில் ஆயில். இன்ஜின் அடியில் ஆயிலை வடிக்க இருக்கும் டிரெயின் நட்டைக் கழற்றியதும் வந்தது தண்ணீர்தான். ஒரு டம்ளர் அளவு, செம்மண் நிறத்தில். ஆயிலைவிடக் கனமானது என்பதால் அது கீழே தங்கி ஆறரை வருடம் காத்திருந்திருக்கிறது. அதன் பின்னால் பால் டீ நிறத்தில் கொழகொழவென்று ஒன்று இறங்கியது. அது ஒரு காலத்தில் ஆயிலாக இருந்திருக்க வேண்டும்.

இன்ஜின் இறுகிப் போயிருந்தது. தெருமுனை மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "கிக்கர்ல காலை வெச்சிராதீங்க தம்பி. உள்ள கியர் பல்லு போயிரும்." ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகப் பாதி டீசல் பாதி ஆயில் கலந்து ஊற்றி ஊறவிடச் சொன்னார். தினமும் காலையில் வண்டியை நாலாவது கியரில் போட்டு, பின்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுவேன். எட்டு நாள் கல் மாதிரி இருந்தது. ஒன்பதாம் நாள் உள்ளே "டக்" என்று ஒரு சத்தம் வந்து, சக்கரம் அரை விரற்கடை நகர்ந்தது. அடுப்படியிலிருந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் "சரி, கையைக் கழுவிட்டு வந்து சாப்பிடு" என்றார்.

ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. சிலிண்டரின் உள்சுவரில், பிஸ்டன் நின்ற இடத்தில் மோதிரம் போட்டதுபோல ஒரு பழுப்புக் கோடு. ரிங் அங்கேயே துருவோடு ஒட்டியிருந்திருக்கிறது. லேத்காரர் அந்தக் கோட்டில் நகத்தை வைத்து இழுத்தார். நகம் மாட்டியது. சிலிண்டரை 0.25 மில்லிமீட்டர் கடைந்து பெரிதாக்கினால் கோடு போகாது, 0.50-தான் என்றார். ஒன்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இப்படிச் சிலிண்டரைக் கடையக் கொடுப்பதற்கு முன் அந்த அளவுப் புதுப் பிஸ்டனை வாங்கிக் கையோடு கொண்டுபோக வேண்டும். அந்தப் பிஸ்டனை அளந்துதான் அதற்கேற்ற இடைவெளியை வைப்பார்கள். நான் வெறுங்கையோடு போய் ஒரு ஞாயிறை வீணாக்கினேன்.

இந்த இன்ஜினில் கழற்றி எறிகிற காகித ஆயில் பில்டர் கிடையாது. கிளட்ச் பக்கம் சுழலும் ஒரு கிண்ணம்தான் ஆயிலிலிருக்கும் அழுக்கை ஓரத்தில் ஒதுக்கும். அதன் மூடியில் மூன்று ஸ்டார் ஸ்க்ரூ. முதல் ஸ்க்ரூவிலேயே தலை வழுக்கிவிட்டது. பார்வைக்குச் சாதாரண ஸ்டார் மாதிரி இருந்தாலும் ஜப்பான் வண்டிகளின் ஸ்க்ரூவில் பள்ளத்தின் வடிவம் கொஞ்சம் வேறு. நம் வீட்டு ஸ்க்ரூடிரைவர் முழுதாக உட்காராமல் நழுவும். சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று வாங்கினேன். மற்ற இரண்டும் ஒரே அடியில் வந்தன. மூடியைத் திறந்தால் கிண்ணம் முழுக்க அடையாற்றுச் சேறு, கண்மை மாதிரி மழமழவென்று.

டேங்கில் துரு. எலுமிச்சை உப்பு அரைக் கிலோவை வெந்நீரில் கரைத்து டேங்க் நிறைய ஊற்றி ஒரு நாள் வைத்தேன். மறுநாள் கறுப்புத் தண்ணீர் கொட்டியது, உள்ளே வெள்ளி மாதிரி பளபளத்தது. சோடா உப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் மறுபடி மஞ்சள் பூத்திருந்தது. புதிதாகத் தோல் உரிந்த இரும்புக்கு ஒரு வேளைச் சாப்பாட்டு நேரம் போதும். இரண்டாவது தடவை ஹேர் டிரையரால் காயவைத்து, ஈரம் போன கையோடு பெட்ரோலில் கொஞ்சம் ஆயில் கலந்து உள்ளே குலுக்கிவிட்டேன். இன்றுவரை அப்படியே இருக்கிறது.

பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைக்கு மூன்று முறையும் புதுச் சாமான் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுக்கு ஐந்து முறையும் போயிருப்பேன். ரிம் இரண்டும் செகண்ட் ஹேண்டில் புதுப்பேட்டையில் எடுத்தேன். ஸ்போக்ஸ் புதிது, கோட்டம் எடுத்துக் கொடுத்தது தெருமுனை அண்ணன். பெயின்ட் அடிக்கக் கொடுக்கும்போது மட்டும் ஹேண்டில் கழுத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பர்மேல் டேப் ஒட்டிக் கொடுத்தேன். அந்த யோசனை எப்படி வந்ததோ, பின்னால் பதிவைப் புதுப்பிக்கப் போன அலுவலகத்தில் அதுதான் காப்பாற்றியது. பேப்பரை வைத்து பென்சிலால் தேய்த்தபோது ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழுந்தது.

வால்வுகள் சரியான நேரத்தில் திறக்கவைக்கும் டைமிங் செயினை ஒரு பல் தள்ளிப் போட்டு இரண்டு ஞாயிறு கிக் அடித்துத் தொடை வீங்கிய கதையை விரிவாகச் சொல்ல வேண்டாம். இன்ஜினோடு சுழலும் மேக்னட்டில் 'T' என்று குறித்த கோடும் மேலே ஸ்ப்ராக்கெட்டில் இருக்கும் குறியும் ஒரே நேரத்தில் நேராக நிற்க வேண்டும். நான் ஒன்றைப் பார்த்தால் மற்றொன்றைப் பார்க்கவில்லை.

வண்டி பேச ஆரம்பித்தது அக்டோபரில். பதிவு 2016-இலேயே முடிந்துபோயிருந்தது, சாலையில் ஓட்டிப் போக முடியாது. சின்ன யானை என்கிற குட்டி லோடு வண்டியில் ஏற்றித்தான் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். படிவம் 25, புகைச் சான்று, இன்சூரன்ஸ், பசுமை வரி. பைக் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் அந்த வருடம் ஏப்ரலில்தான் 300-லிருந்து 1,000 ஆகியிருந்தது. தாமதக் கட்டணம் தனி. டிசம்பரில் பதிவுச் சான்றான ஆர்.சி. கைக்கு வந்தது.

இனி ஓட்டிய அனுபவம்.

முதல் 1,000 கிலோமீட்டர் நாற்பதைத் தாண்டவில்லை. இப்போது ஐம்பது, ஐம்பத்தைந்தில் சுகமாகப் போகிறது. அதற்கு மேல் ஹேண்டிலில் கிறுகிறுப்பு. 97.2 சிசி இன்ஜினிடம் இதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. வீட்டிலிருந்து அச்சகத்துக்குப் போக வர 22 கிலோமீட்டர். மைலேஜ் முதல் வருடம் 60-ஐ ஒட்டி வந்தது. இப்போது 55, 56. பங்க்கில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு இறங்கியிருக்கிறது. கார்ப்ரேட்டர் கிண்ணத்தின் ரப்பர் ஓ ரிங் ஊதிப்போய், கழற்றினால் மறுபடி பள்ளத்தில் உட்கார மறுத்தது. பெட்ரோல் டியூபையும் மாற்றினேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்த ரப்பர்களை வருடம் ஒருமுறை பார்ப்பது நல்லது. பத்து நாளுக்கு மேல் ஊருக்குப் போவதாக இருந்தால் டேங்க் அடியிலிருக்கும் பெட்ரோல் குழாயை மூடி, கார்ப்ரேட்டரில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிட்டுப் போகிறேன்.

ஹெட்லைட் பேட்டரியிலிருந்து இல்லாமல், இன்ஜின் சுழலும்போது மின்சாரம் தரும் காயிலிலிருந்து நேராக ஓடுவதால் சிக்னலில் நின்றால் மங்கும், முறுக்கினால் பிரகாசிக்கும். வண்டலூர் பக்கம் இருட்டில் இது எரிச்சல். அதே ஏற்பாட்டில் ஒரு லாபமும் உண்டு. பேட்டரி செத்தாலும் வண்டி கிக்கில் ஸ்டார்ட் ஆகும். டிரம் பிரேக் பிடிக்கும், ஆனால் டிஸ்க் வைத்த ஸ்கூட்டரின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள்.

எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று பார்த்தால் எனக்கே ஆச்சரியம். மேக்னட் காயிலை மண்ணெண்ணெயில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மீட்டரில் சோதித்துத் திரும்பப் போட்டேன். 2001-இல் வந்த அதே காயில், பிளக்கில் தீப்பொறி விடவைக்கும் அதே சிடிஐ பெட்டி, இன்றுவரை ஒரு நாள் தகராறு செய்யவில்லை. நான் ஆசையாக வாங்கிய புதுச் சாமான்கள்தான் காலை வாரின. 1,300 ரூபாய்க்கு வாங்கிய டூப்ளிகேட் கார்ப்ரேட்டரில் ஐடில், அதாவது முறுக்காமல் விட்டால் தானாக ஓடுவது, நிற்கவே இல்லை. சிக்னலுக்குச் சிக்னல் அணையும். நாலு மாதம் திருகிப் பார்த்துவிட்டு, தூக்கிப் போட வைத்திருந்த பழைய கார்ப்ரேட்டரை எடுத்தேன். பெட்ரோல் போகும் பித்தளை ஜெட்டை ஊசி வைத்துக் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும். மின்சார வயரைச் சீவி அதிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை எடுத்து நுழைத்தேன். ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டிலிருந்து மிளகில் பாதி அளவு பச்சைக் களிம்பு வெளியே வந்தது. அவ்வளவுதான். அன்றிலிருந்து ஐடில் நிற்கிறது.

டூப்ளிகேட் வயரிங் கிட்டில் இன்டிகேட்டர் போட்டால் ஹாரன் முனகியது. மலிவு செயின் செட் 6,000 கிலோமீட்டரில் கொக்கிப் பல்லாகிவிட்டது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் விஷயத்தில் மட்டும் தப்பு என்னுடையது. பைப்பில் துரு தின்ற புள்ளிகள் இருந்தன. உப்புத்தாளால் தேய்த்துவிட்டு ஆயில் சீலை மட்டும் மாற்றினேன். அந்தப் புள்ளிகள் புது சீலை அறுத்து, நாலே மாதத்தில் முன்சக்கரம் வரை ஆயில். பைப் மாற்றாமல் வேறு வழி இல்லை. ஒன்றை மாற்றினேன், மற்றொன்று தாங்கும் என்று விட்டேன்.

கணக்கு எழுதுகிறவன் ஆயிற்றே, நோட்டு இருக்கிறது. சாலையில் இறங்கும் வரை 23,650 ரூபாய், ஆர்.சி. செலவு நீங்கலாக. அதன்பின் இதுவரை 11,200. அதில் ஆயில், டயர், டியூப் தவிர மீதி 6,800-ம் ஏற்கெனவே செய்த வேலையை மறுபடி செய்தது. அந்தக் காசில் ஓடும் நிலையில் ஒரு ஸ்ப்ளெண்டரே வாங்கியிருக்கலாம் என்று அப்பா வாரம் ஒருமுறை சொல்கிறார். சொல்லிவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு வாழைப்பழம் வாங்கப் போகிறார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அறிவிப்பு வந்த அன்றே பலகை போட்டு வண்டியைத் திண்ணைக்கு ஏற்றி, அங்கிருந்து நானும் தம்பியும் முதல் மாடி வளைவு வரை தூக்கினோம். நூறு கிலோவுக்கு மேல். முதுகு ஒரு வாரம் பேசியது. தண்ணீர் இரண்டாவது படியோடு நின்றுவிட்டது.

ஸ்பீடோமீட்டரை நான் திறக்கவில்லை. கண்ணாடிக்கு உள்பக்கம், 60-க்கும் 80-க்கும் நடுவில், 2015-இன் சேறு காய்ந்த ஒரு மெல்லிய கோடு இருக்கிறது. முள் அதைத் தொடுகிற வேகத்தில் நான் போவதில்லை. இப்போது மாற்றாமல் விட்ட அந்த இன்னொரு ஃபோர்க் பைப்பும் கசிய ஆரம்பித்திருக்கிறது. மழைக்கு முன்னால் ஜி.பி. ரோட்டுக்கு ஒரு நடை போக வேண்டும்.