அழைப்பவரைக் காட்டும் சாளரம்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

தொலைபேசி மணி அடிக்கும்போதே அழைப்பவருடைய விவரம் கணினித் திரையில் வந்து நிற்கும்படி, அலுவலக எக்ஸ்சேஞ்சையும் வாடிக்கையாளர் தரவுத்தளத்தையும் விலைக்கு வாங்கிய ஒரு மென்பொருளால் இணைத்துச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். தம் அலுவலகத்திலும் இதைச் செய்யலாமா என்று நண்பர் ஒருவர் அண்மையில் கேட்டார். அவர் கேட்ட அன்று காலையில்தான் எங்கள் பணியாளர் ஒருவர் ஒரு வாடிக்கையாளரின் புகாரில் பாதியை வேறொருவருடைய பதிவில் தட்டச்சு செய்துவிட்டிருந்தார். அதில் அவருடைய கவனக்குறைவு எதுவும் இல்லை. திரையில் குதித்த சாளரமே காரணம். ஆகவே நண்பருக்கு ஒரு சொல்லில் விடை தர இயலவில்லை.

இணைப்பைப் பொறுத்தவரை எனக்குக் குறையே இல்லை. எங்களுடையது ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருளின் மீது இயங்கும் எக்ஸ்சேஞ்ச். அதன் மேலாண்மை இடைமுகம் 5038 என்ற போர்ட்டில், எந்த எக்ஸ்டென்ஷனுக்கு, அதாவது எந்த மேசையின் உள் எண்ணுக்கு, எந்த எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது என்பதைச் சாதாரண எழுத்து வரிகளாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த வரிகளைப் படிக்கும் சிறிய நிரல் ஒன்று சர்வரில் ஓடுகிறது. எண்ணை எடுத்துத் தரவுத்தளத்தில் தேடி, கிடைத்த பதிவை உரிய மேசைக்கு அனுப்புகிறது. மைக்ரோசாஃப்டும் இன்டெலும் 1993இல் வெளியிட்ட, தொலைபேசியைக் கணினியோடு இணைக்கும் டாப்பி முறையில் ஒவ்வொரு கணினியிலும் டிரைவர் நிறுவிப் பராமரிக்க வேண்டியிருந்த பழைய ஏற்பாடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த எளிமையின் அருமை தெரியும்.

எண் பொருந்தாமல் போவதுதான் இத்தகைய இணைப்புகளில் பலரும் சொல்லும் முதல் புகார். ஒரே எண் ஒரு பதிவில் நாட்டுக் குறியீட்டுடனும், இன்னொன்றில் முன்னால் பூச்சியத்துடனும், மற்றொன்றில் இடைவெளிகளும் சிறுகோடுகளுமாகவும் கிடக்கும். எக்ஸ்சேஞ்ச் அனுப்புவதோ நான்காவது ஒரு வடிவமாக இருக்கும். எங்கள் மென்பொருள் இதை ஒழுங்காகக் கையாண்டது. பயனர் உள்ளிட்ட எண்ணைத் தொடாமல் விட்டுவிட்டு, அதன் அருகில் இ.164 என்ற சர்வதேச எண் வடிவில், அதாவது நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து அதிகபட்சம் 15 இலக்கங்களில், தூய்மைப்படுத்திய எண்ணைத் தனிப் புலத்தில் சேமித்து அந்தப் புலத்துக்கு இண்டெக்ஸ், அதாவது விரைந்து தேட உதவும் அகரவரிசை போன்ற பட்டியல், போட்டு வைக்கிறது. இறுதி இலக்கங்கள் மட்டும் பொருந்தினால் போதும் என்று தேடும் குறுக்குவழியில் இண்டெக்ஸ் பயன்படுவதில்லை. பதிவுகள் பெருகப் பெருகத் தேடல் மந்தமாகிவிடும். அந்தக் குறுக்குவழியில் இந்த மென்பொருளை எழுதியவர்கள் போகவில்லை என்பதற்காக அவர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

வேகமும் அப்படியே. பழைய அனலாக் இணைப்புகள் பலவற்றில் அழைப்பாளர் எண் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையில்தான் வந்து சேரும். இணையவழியில் பேசும் சிப் (SIP) இணைப்பில் அழைப்புக் கோரிக்கையிலேயே எண் இருப்பதால், மணி ஒலிக்கத் தொடங்கும்போதே விவரமும் திரையில் இருக்கிறது. கடைசியாகப் பேசியது யார், எந்தப் புகார் இன்னும் முடியவில்லை என்பதைக் கைக்கருவியை எடுக்கும் முன்பே படித்துவிடலாம். "உங்கள் பெயர், கணக்கு எண்" என்று தொடங்கும் அந்தச் சலிப்பான விசாரணையே குறைந்துவிட்டது. கோபத்தோடு அழைப்பவர்கள், தங்கள் பிரச்சினை இவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று அறிந்ததும் குரலைத் தாழ்த்துவதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

இவ்வளவையும் கெடுப்பது ஒரே ஒரு செய்கை. அந்தச் சாளரம் வரும்போது கர்சரையும் தன்னுடன் எடுத்துக்கொண்டு போகிறது. அழைப்பை முடித்தவர், பேசியதை நினைவு இருக்கும்போதே குறிப்பாக எழுதிக்கொண்டிருப்பார். அடுத்த அழைப்பு அந்த வேளையில்தான் வரும். சாளரம் முன்னால் பாய்கிறது, அதன் குறிப்புப் பெட்டி தானாகவே செயலுக்கு வருகிறது, விரல்கள் நிற்பதற்குள் பாதி வாக்கியம் புதிய அழைப்பாளரின் பதிவில் விழுந்துவிடுகிறது. எழுதிக்கொண்டிருப்பவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, வேறு ஒருவருடைய நோட்டில் ஊன்றி வைப்பதற்கு இது சமம். பதிவு தானாகச் சேமிக்கப்படும் என்பதை ஒரு வசதியாக விளம்பரம் செய்கிறார்கள். இந்த இடத்தில் அதே வசதி பிழையை நிலைக்கச் செய்கிறது. என்டர் விசையை அழுத்தும் தருணத்தில் சாளரம் வந்தால் இன்னும் மோசம்: முன்தேர்வாக இருக்கும் பொத்தான் அழுத்தப்பட்டு, யாரும் படிக்காமலே சாளரம் மூடிக்கொள்கிறது.

இதைத் தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் குறை என்று மென்பொருள் நிறுவனத்தார் விளக்கியபோதுதான் எனக்குப் பொறுமை போயிற்று. பின்னணியில் இருக்கும் ஒரு செயலி, பயனர் வேறொன்றில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது முன்னால் தாவக் கூடாது என்ற கட்டுப்பாடு விண்டோஸ் 98, விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கிறது. அப்படித் தாவ முயலும் செயலியின் பொத்தானைப் பணிப்பட்டையில் மினுக்கிக் காட்டுவதோடு அது நின்றுவிடும். ஆகவே இந்த மென்பொருள் முன்னால் வருகிறது என்றால், அந்தக் கட்டுப்பாட்டைச் சுற்றிக்கொண்டு வருவதற்கு யாரோ மெனக்கெட்டு நிரல் எழுதியிருக்கிறார்கள் என்றே பொருள். சாளரத்தைக் காட்டுவது வேறு, விசைப்பலகையைக் கைப்பற்றுவது வேறு. முதலாவதை மட்டும் செய்ய இயங்குதளமே வழி வைத்திருக்கிறது. அமைப்புகள் பக்கத்தில் சாளரத்தின் நிறத்தையும் ஓசையையும் மாற்றலாம். இதை நிறுத்த ஒரு கட்டம் கூடக் கிடையாது.

மற்றவை சில்லறைக் குறைகள். பல மேசைகளில் ஒரே நேரத்தில் மணி அடிக்கும் குழு அழைப்புகளில் எல்லாத் திரைகளிலும் சாளரம் முளைக்கிறது. மணி அடிக்கும்போது வராமல், எடுத்த பிறகு எடுத்தவருக்கு மட்டும் வரும்படி மாற்றியதும் அது தீர்ந்தது, ஆனால் அந்த அழைப்புகளில் முன்கூட்டியே படிக்கும் வசதி போயிற்று. சக ஊழியர் முதலில் நம்மோடு பேசிவிட்டு அழைப்பை மாற்றித் தரும்போது அவருடைய எக்ஸ்டென்ஷன் எண்ணே முதலில் தெரிகிறது. உண்மையான அழைப்பாளரின் விவரம் பிறகு சில வேளை வருகிறது, சில வேளை வருவதில்லை.

ஒன்றை மட்டும் நண்பரிடம் அழுத்திச் சொன்னேன். திரையில் தெரியும் பெயர் ஓர் ஊகமே. ஒரு நிறுவனத்தின் எல்லா மேசைகளிலிருந்தும் ஒரே பொது எண் வெளியே வரலாம். ஒரு குடும்பமே ஓர் எண்ணைப் பயன்படுத்தலாம். அழைப்பாளர் எண்ணைப் போலியாகக் காட்டுவதும் கடினமன்று. அழைப்பு எண்ணுக்குக் கையொப்பமிடும் ஸ்டிர்-ஷேக்கன் போன்ற ஏற்பாடுகள் வந்ததே அதனால்தான். அந்தக் கையொப்பமும் எண்ணைப் பற்றித்தான் சான்று கூறும், பேசுகிற ஆளைப் பற்றி அன்று. எனவே சாளரத்தில் பெயர் தெரிகிறது என்பதற்காகக் கணக்கு விவரத்தைச் சொல்லிவிடக் கூடாது. அடையாளம் கேட்கும் இரண்டு கேள்விகளை விட்டுவிட முடியாது.

இணைப்பு நன்று, தேடல் நன்று, வேகம் நன்று என்று நானே எழுதியிருக்கிறேன். மேலே உள்ளவற்றைக் கூட்டிப் பார்த்தால் நல்லவையே மிகும். இருந்தாலும் இந்த மென்பொருளை வாங்குங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இணைப்பைச் செய்யுங்கள், வேறு ஆளிடம் செய்யுங்கள் என்றேன். செயல்விளக்கம் காட்ட வருபவரை அமர வைத்து, ஒரு நீண்ட பத்தியை நிறுத்தாமல் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டு, அந்த எக்ஸ்டென்ஷனுக்கு நீங்களே அழையுங்கள். ஓர் எழுத்தாவது வேறு பெட்டியில் விழுந்தால் விலைப்பட்டியலைத் திறந்து பார்க்கவே வேண்டாம்.