மூன்று வருட இங்கிலீஷ் பேச்சுப் பயிற்சி: பாம்பன் டூரிஸ்ட் கார் டிரைவரின் அனுபவம்

பாம்பனில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறேன். வயது 43. தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன். இங்கிலீஷைப் படித்தால் ஓரளவு புரியும், பேச்சு மட்டும் வராது. மூன்று வருடத்துக்கு முன்னால் பயிற்சியை ஆரம்பித்தேன். எது கைகொடுத்தது என்பதை என்னைப் போன்றவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் 45 நாள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். டென்ஸ் பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் நான் வாய் திறந்து பேசியது இரண்டு வாக்கியம் இருக்கும். கட்டிய பணம் வீண்.

கண்ணைத் திறந்துவிட்டது ஒரு கொல்கத்தா குடும்பம். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவர் முன்னால் 1964 புயலைப் பற்றிச் சொல்லும்போது, 'தனுஷ்கோடி டெஸ்ட்ராய்ட் த சைக்ளோன்' என்றேன். புயலைத் தனுஷ்கோடி அழித்தது என்று அர்த்தமாகிவிட்டது. அந்த அம்மா சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மகள்தான் மெதுவாக, 'வாஸ் டெஸ்ட்ராய்ட் பை' என்று எடுத்துக் கொடுத்தாள். தமிழில் வார்த்தைகளை எப்படி மாற்றிப் போட்டாலும் 'தனுஷ்கோடியை' என்பதில் இருக்கும் 'ஐ' அர்த்தத்தைக் காப்பாற்றிவிடும். இங்கிலீஷில் வார்த்தை நிற்கும் இடமே அந்த வேலையைச் செய்கிறது. வகுப்பில் ஏறாத பாஸிவ் வாய்ஸ் அந்த மணலில் ஏறியது.

அன்று ராத்திரியே ஒரு நோட்டு போட்டேன். நான் தினமும் சொல்கிற விஷயங்களை மட்டும் முதலில் சரியாகச் சொல்வது என்று முடிவு. பாம்பன் ரயில் பாலத்துக்கு ஐந்து வாக்கியம், ராமேஸ்வரம் கோயிலின் 22 தீர்த்தங்களுக்கு ஐந்து வாக்கியம். போனில் பதிவு செய்து நானே கேட்பேன். 1914-இல் திறந்த பழைய பாலம் முன்பெல்லாம் கப்பல் வந்தால் இரண்டு கையையும் தூக்குவது போல் நடுவில் பிரியும். அதற்கு 'யூஸ்டு டு ஓப்பன்'. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் பகுதி லிப்ட் மாதிரி நேராக மேலே ஏறும். அதற்கு 'கோஸ் அப்'. வந்தவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி மறுநாள் நோட்டில் ஏறும். இப்படித்தான் பேச்சு வளர்ந்தது.

காதுக்கு பிபிசியின் '6 மினிட் இங்கிலீஷ்' ஒலி நிகழ்ச்சி. இலவசம். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் எனக்கு சிக்னல் சரியாகக் கிடைக்காது, அதனால் முந்தின நாளே டவுன்லோடு செய்துவிடுவேன். குரலுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு பேச வேண்டும். 'ஃபோட்டோகிராஃப்' என்றால் அழுத்தம் முதல் அசையில், 'ஃபோட்டோகிராஃபர்' என்றால் இரண்டாவதில். நான் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் பலருக்கு என் பேச்சு பிடிபடவில்லை.

எல்லாவற்றையும் விட உதவியது தங்கச்சி மகன். மண்டபத்தில் லாட்ஜ் ரிசப்ஷனில் இருக்கிறான். தினமும் ராத்திரி 20 நிமிடம் போனில் இங்கிலீஷ் மட்டும்தான். ஒருநாள் பதநீருக்கு வார்த்தை தெரியாமல் தமிழுக்குத் தாவினேன். "மாமா, வார்த்தை வேண்டாம், சுத்தி வளைச்சுச் சொல்லுங்க" என்றான். பனையில் வடியும் இனிப்புத் தண்ணீர், புளித்துக் கள்ளாகாமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள் என்று தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன். அதற்கப்புறம் வார்த்தை தெரியாதே என்ற பயம் பெருமளவு போய்விட்டது.

போனில் செயற்கை நுண்ணறிவோடும் நாலு மாதம் பேசிப் பார்த்தேன். பொறுமையாகத் திருத்துகிறது, நல்லதுதான். ஆனால் பின் சீட்டில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசும் நெருக்கடி அதில் கிடைக்காது.

'அ' (a), 'த' (the) எங்கே வரும் என்பது இன்னும் தகராறுதான். வெளிநாட்டுக்காரர்கள் தங்களுக்குள் வேகமாகப் பேசினால் பாதி நழுவிவிடுகிறது. போன வாரம் ஒருவர், கடல் அட்டை பிடிக்க ஏன் தடை என்று கேட்டார். 2001-இல் வனவிலங்குச் சட்டத்தில் சேர்த்தார்கள் என்பது வரை சொன்னேன், காரணத்தைச் சொல்ல வரவில்லை. அதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இன்று ராத்திரி தங்கச்சி மகனிடம் பேசிப் பார்க்க வேண்டும்.