ஆல்ஃபா கோர்ஸ்: விருந்தினராக அல்ல, உதவியாளராகப் போய்ப் பாருங்கள்

இயேசுவைப் பற்றி அவ்வளவாகத் தெரியாதவர்களுக்கான கோர்ஸ் என்றுதான் ஆல்ஃபாவை எல்லோரும் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் என்னைக் கேட்டால் அங்கே அதிகம் கற்றுக்கொள்வது, குழுவில் உதவியாளராக உட்காருகிற விசுவாசிதான். கூட வேலை செய்பவரிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ விசுவாசத்தைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது என்று தயங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை.

1977ல் லண்டனில் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் என்ற ஆங்கிலிக்கன் சபையில் சார்லஸ் மார்ன்ஹம் என்ற குருவானவர் இதை ஆரம்பித்தார், அப்போது இது புது விசுவாசிகளுக்கான வகுப்பு. 1990ல் அதே சபையின் குருவானவர் நிக்கி கம்பல் பொறுப்பேற்ற பிறகுதான் சபைப் பக்கமே வராதவர்களுக்கு ஏற்றபடி மாறியது. இன்று கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தேகாரர் என்று பல சபையாரும் நடத்துகிறார்கள். வாரம் ஒருமுறை கூடி முதலில் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், பிறகு ஒரு செய்தி, அப்புறம் சின்னக் குழுவாக உட்கார்ந்து கலந்துரையாடல். விருந்தினர்களுக்குக் கட்டணம் கிடையாது.

செய்திகள் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் நான் சிபாரிசு செய்வது அந்தக் கலந்துரையாடலுக்காகத்தான். அங்கே உதவியாளருக்குச் சொல்லித்தருகிற முக்கியமான விஷயம், யார் என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்லாதே, திருத்தாதே என்பது. எங்கள் குழுவில் ஒருவர், "அம்மா பிழைக்கணும்னு எல்லாரும் எவ்வளவோ ஜெபம் பண்ணினாங்க, ஆனாலும் அம்மா போயிட்டாங்க, அப்போ உங்க கடவுள் எங்கே இருந்தார்?" என்று கேட்டார். சபையில் வளர்ந்த யாருக்கும் அந்த நேரத்தில் ஒரு வசனம் நாக்கு நுனிக்கு வந்துவிடும். குழுத் தலைவர் வசனம் எதுவும் சொல்லவில்லை, "அம்மாவைப் பத்திச் சொல்லுங்க" என்றார், அவரும் சொல்ல ஆரம்பித்து அன்று முழுக்க அம்மாவைப் பற்றியே பேசினார், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த வாரமும் வந்தார். பதில் சொல்லி அனுப்பியிருந்தால் வந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

உயிர்த்தெழுந்த பிறகு எம்மாவு ஊருக்குப் போகும் சாலையில் இயேசுவே இப்படித்தான் செய்தார் (லூக்கா 24). அவர் இறந்த துக்கத்தோடு நடந்துபோன சீடர்கள் இருவரிடம் என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டு, அவர்கள் மனதில் இருந்ததையெல்லாம் சொல்ல விட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் வேதவாக்கியங்களை விளக்கினார். நாம் பெரும்பாலும் கையில் கொடுக்கிற சுவிசேஷத் துண்டுப்பிரசுரத்திலிருந்து தொடங்குகிறோம், எதிரில் நிற்பவருக்கு என்ன பாரம் என்று கேட்பதே இல்லை.

குறைகளும் உண்டு. பரிசுத்த ஆவியைப் பற்றிய வார இறுதிக் கூடுகை, ஜெபமே புதிதாக இருக்கிற சிலருக்குக் கொஞ்சம் வேகமாகத் தெரியும், அதனால் அங்கே என்ன நடக்கும் என்று நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மற்றவர்களிடம் ஏன், எப்படிச் சொல்வது என்று ஒரு செய்தி இருக்கிறது, அது கோர்ஸின் பிற்பகுதியில் வருகிறது, உதவியாளர்கள் அதை முதலிலேயே பார்த்துவிட்டால் நல்லது என்பது என் அபிப்பிராயம். இன்னொன்று எனக்கு உண்மையிலேயே கவலை தருவது: நண்பரைக் கொண்டுபோய் அங்கே உட்காரவைத்துவிட்டு, இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் ஒதுங்கிக்கொள்கிற பழக்கம். அவர் நம்பி வந்தது உங்களை. கோர்ஸ் முடிந்த பிறகும் டீ குடிக்கக் கூப்பிடுங்கள், அவர் கிறிஸ்தவராக மாறாவிட்டாலும் கூப்பிடுங்கள்.

விவாதத்தில் ஜெயிக்கவேண்டும், கேள்விக்குக் கேள்வி பதில் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது, அதற்கு வேறு வகுப்புகள் இருக்கின்றன. மற்றவர்கள், உங்கள் சபையிலோ பக்கத்துச் சபையிலோ அடுத்த ஆல்ஃபா அறிவிக்கும்போது விருந்தினர் பட்டியலில் சேராமல் உதவியாளராகப் பெயர் கொடுங்கள். தொடங்குமுன் நடக்கும் பயிற்சிக் கூட்டத்தை மட்டும் தவறவிடாதீர்கள்.