கூலிங் டவருக்கு எல்பிஆர் ட்ரான்ஸ்மிட்டர்: 4–20 சரியாக வந்தால் மட்டும் போதுமா?

கொழும்பில் ஹோட்டல், தனியார் மருத்துவமனை, அலுவலகக் கோபுரம் என்று எதை எடுத்தாலும் மேலே ஒரு கூலிங் டவர் ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீருக்கு மருந்து போடும் கம்பனி குழாயில் ஒரு கூப்பனை (எடை தெரிந்த உலோகத் தட்டை) மாட்டிவிட்டு, மூன்று மாதம் கழித்துக் கழற்றி எடை பார்த்து, அரிப்பு வீதம் இவ்வளவு என்று அறிக்கை தரும். அது மூன்று மாதச் சராசரி. நடுவில் ஒரு வாரம் இன்ஹிபிட்டர் (அரிப்பைத் தடுக்கும் மருந்து) பம்ப் நின்றிருந்தால் கூப்பன் அதைக் காட்டிக்கொடுக்காது. அந்த ஒரு வாரத்தைப் பிடிப்பதற்காகத்தான், அரிப்பு வீதத்தை உடனுக்குடன் அளந்து அனுப்பும் எல்பிஆர் (லீனியர் போலரைசேஷன் ரெசிஸ்டன்ஸ்) ட்ரான்ஸ்மிட்டர் வாங்குகிறோம்.

இங்கே பார்க்கப்போவது இருகம்பி, 24 வோல்ற், வாசிப்பை 4–20 மில்லி அம்பியர் மின்னோட்டமாக அனுப்பும், ஹார்ட் (அதே கம்பியில் டிஜிட்டல் தகவலும் அனுப்பும் முறை) வசதியுள்ள மூன்று எலெக்ட்ரோட் எல்பிஆர் ட்ரான்ஸ்மிட்டர் வகை. இதே வரிசையில் மேல்தட்டில் பெப்பர்ல் பிளஸ் ஃபூக்ஸின் கோர்ட்ரான் எம்வி, ஹனிவெல்லின் ஸ்மார்ட்செட் போன்றவை உண்டு. அவை மேற்பரப்பு முழுதும் நடக்கும் பொது அரிப்போடு, ஓரிடத்தில் துளைக்கும் குழி அரிப்பையும் கணித்துச் சொல்லும். சாதாரண வகை பொது அரிப்பை மட்டும் சொல்லும். எதை வாங்கினாலும் சோதனை முறை ஏறக்குறைய ஒன்றுதான், ஏமாற்றும் இடமும் ஒன்றுதான்.

அந்த இடம் புரோப் (எலெக்ட்ரோட்டுகளைத் தாங்கித் தண்ணீரில் நிற்கும் பகுதி) பக்கம். மின்னணுப் பலகை அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. ஆனால் பராமரிப்பு ஒப்பந்தத்தில் வருபவர்கள் பெரும்பாலும் லூப் கலிபிரேற்றரை (4–20 மின்னோட்டச் சுற்றான லூப்பைச் சோதிக்கும் கருவி) மாட்டி, 4, 8, 12, 16, 20 என்று ஐந்து புள்ளி பார்த்து, சான்றிதழில் ஒப்பமிட்டுப் போய்விடுகிறார்கள். ட்ரான்ஸ்மிட்டர் தான் நினைக்கும் எண்ணைச் சரியாக அனுப்புகிறது என்பதற்கு மட்டுமே அது சான்று. அந்த எண் சரியா என்பதற்கு டம்மி செல் (எலெக்ட்ரோட்டுக்குப் பதிலாக மாட்டும் ரெசிஸ்டர் தொகுதி) வேண்டும்.

எல்பிஆர் செய்யும் வேலை எளிது. எலெக்ட்ரோட்டை அதன் இயல்பு மின்னழுத்தத்திலிருந்து 10 அல்லது 20 மில்லிவோல்ற் தள்ளி, ஓடும் மின்னோட்டத்தை அளந்து, துருவத் தடையை ஓமில் எடுக்கும். பி மாறிலியை (உலோகத்தையும் தண்ணீரையும் பொறுத்து மில்லிவோல்ற்றில் வரும் எண்) அந்தத் தடையால் வகுத்தால் அரிப்பு மின்னோட்டம். கார்பன் ஸ்டீலுக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு 1 மைக்ரோ அம்பியர் என்றால் ஆண்டுக்கு 0.0116 மில்லிமீற்றர். ஆகவே எலெக்ட்ரோட் இருக்கும் இடத்தில் தெரிந்த ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால், திரையில் என்ன வரவேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம்.

பி 25.6 மில்லிவோல்ற், எலெக்ட்ரோட் பரப்பு 5 சதுர சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 1000 ஓம் போட்டால் 25.6 மைக்ரோ அம்பியர். பரப்பால் வகுத்தால் 5.12. ஆண்டுக்கு 0.059 மில்லிமீற்றர். அளவெல்லை 0 முதல் 0.5 என்றால் லூப்பில் 5.90 மில்லி அம்பியர் வரவேண்டும். 200 ஓமுக்கு 0.297, லூப்பில் 13.50. 10 கிலோ ஓமுக்கு 0.0059, லூப்பில் 4.19.

செல்லைக் கட்டுவது கால்மணி நேர வேலை. ஒரே பெறுமானமுள்ள மூன்று ரெசிஸ்டரின் ஒரு முனைகளை ஒன்றாகப் பற்றவைத்து, மறுமுனைகளை மூன்று எலெக்ட்ரோட் கம்பிகளுக்குக் கொடுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ரெசிஸ்டர் வாங்கும்போது 1 வீத மெற்றல் ஃபிலிம் என்று கேட்டு வாங்குங்கள். 5 வீதக் கார்பனை வைத்துச் சோதித்தால் தவறு கருவியிலா ரெசிஸ்டரிலா என்று தெரியாது. வாங்கியதையும் மல்டிமீற்றரில் அளந்து, உண்மையான ஓமை செல் பெட்டியின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். ரெசிஸ்டரை மாற்றியதும் இலக்கத்தைப் பார்க்க அவசரப்படக் கூடாது. ஒரு சுற்று அளவீட்டுக்கே சில நிமிடம் ஆகும். முழுதாக இரண்டு சுற்று ஓடிய பிறகு குறித்துக்கொள்ளுங்கள்.

1 கிலோ ஓமோடு நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்வது. 10 கிலோ ஓமையும் கட்டாயம் போடவேண்டும். ஈரம் புகுந்த கனெக்டரில் 10 கிலோ ஓம் கசிவு இருக்கிறது என்று கொள்வோம். 1 கிலோ ஓம் செல்லில் அது வாசிப்பை 10 வீதம்தான் உயர்த்தும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். 10 கிலோ ஓம் செல்லிலோ வாசிப்பு இரட்டிப்பாகும். மருந்து நன்றாக வேலை செய்யும் டவரில் உண்மையான தடை உயர்வாகத்தான் இருக்கும், ஆகவே கசிவு கெடுப்பதும் அந்த நல்ல வாசிப்புகளைத்தான். முதலில் ட்ரான்ஸ்மிட்டர் டெர்மினலில் செல்லை மாட்டிப் பாருங்கள், பிறகு புரோப் கேபிளின் கடைசி முனையில். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் வந்தால் கேபிள் அல்லது கனெக்டர்.

ஹார்மோனிக் முறையில், அதாவது அளவீட்டு அலையின் மடங்கு அதிர்வெண்களைப் பார்த்து, பி மாறிலியைத் தானே அளக்கும் கருவிகளில் ஒரு சூட்சுமம் உண்டு. ரெசிஸ்டர் நேர்கோட்டில் நடப்பது, அதிலிருந்து ஹார்மோனிக்கும் வராது, அரிப்பு இரைச்சலும் (அரிப்பால் எழும் சிறு மின் ஏற்ற இறக்கம்) வராது. ஆகவே டம்மி செல்லில் பி மாறிலியும் குழிக் காரணியும் (குழி அரிப்பைக் குறிக்கும் எண்) காட்டும் எண்களுக்கு அர்த்தமில்லை. சோதனைக்கு முன் பி மாறிலியை நிலையான பெறுமானத்தில் வையுங்கள். முடிந்ததும் பழைய அமைப்புக்குத் திருப்புங்கள். திருப்ப மறந்தால் அடுத்த வருடம் வரை யாருக்கும் தெரியப்போவதில்லை.

லூப் பக்கம் பார்க்கவேண்டியது சுருக்கம். ஃப்ளூக் 789 கையில் இருந்தால் அதிலேயே லூப் மின்வழங்கலும் ஹார்ட்டுக்கான 250 ஓமும் இருக்கிறது, தனி ரெசிஸ்டர் தேவையில்லை. இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு வோல்ற் கணக்கில்தான். 24 வோல்ற் வழங்கல், 250 ஓம், அதோடு 300 ஓம் தடையுள்ள பாதுகாப்பு பாரியர் (வெடி அபாய இடத்துக்குப் போகும் மின்சக்தியை மட்டுப்படுத்தும் சாதனம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 மில்லி அம்பியரில் முதலாவதில் 5.5 வோல்ற், இரண்டாவதில் 6.6 வோல்ற் விழும். மிச்சம் 11.9. குறைந்தது 12 வேண்டும் என்று தரவுத்தாளில் போட்டிருக்கும் கருவி 4 மில்லி அம்பியரில் சமர்த்தாக நடந்து, 22 மில்லி அம்பியரில் பழுது சைகை கொடுக்க வேண்டிய நேரத்தில் மயங்கி, மீண்டும் தொடங்கும். மேசையில் வைத்து 4–20 பார்த்தால் இது தெரியாது. களத்தில் 22 மில்லி அம்பியரை ஃபோர்ஸ் செய்து, டெர்மினலில் வோல்ற் அளந்தால்தான் அகப்படும். பிஎல்சியில் (வாசிப்பைப் பெறும் கட்டுப்பாட்டுக் கணினி) 3.6க்குக் கீழும் 21க்கு மேலும் பழுது என்று எடுக்கும்படி அமைத்திருக்கிறார்களா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இனி புரோப். கார்பன் ஸ்டீல் எலெக்ட்ரோட்டைப் புதிதாக மாட்டினால் முதல் சில நாள் வாசிப்பு உயர்ந்து நிற்கும். மேற்பரப்பில் படலம் கட்டும்வரை அப்படித்தான், மருந்து கம்பனியைத் தொலைபேசியில் திட்ட வேண்டாம். எலெக்ட்ரோட்டை வெறுங்கையால் தொடாதீர்கள். நைட்ரைல் கையுறை, அசிற்றோனில் துடைப்பு, பழையதை மீண்டும் போடுவதென்றால் 600 நம்பர் ஈரத் தாளில் தேய்ப்பு. சீலிங் வளையத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். அது கசிந்தால் தண்ணீர் எலெக்ட்ரோட்டின் அடித்தண்டுக்குள் போய் பரப்பைக் கூட்டிவிடும், வாசிப்பும் ஏறும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது வாசிப்பு திடீரென்று அளவெல்லையைத் தாண்டி அங்கேயே நின்றால், எலெக்ட்ரோட்டுகளுக்கு இடையே ஏதோ பாலம் போட்டிருக்கிறது. இரும்பு சல்ஃபைட் படிவோ துருக் கட்டியோ இருக்கலாம். மாறாக, வாசிப்பு மெல்ல மெல்ல இறங்கிப் பூச்சியத்தை நெருங்கினால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். எண்ணெய்ப் படலமோ பாசிச் சளியோ மூடியிருக்கும். கழற்றி விரலால் தடவினால் வழுக்கும்.

புரோப் நிற்கும் பைபாஸில் (மெயின் குழாயிலிருந்து பிரியும் பக்கக் குழாய்) ஓட்டமும் முக்கியம். செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகம் வேண்டுமென்றால் 25 மில்லிமீற்றர் குழாயில் நிமிடத்துக்கு 30 லீற்றர் அளவில் ஓட வேண்டும். ரோட்டாமீற்றர் (ஓட்ட அளவி) இல்லாத பைபாஸில் புரோப் போடுவது வீண். ஸ்ரெய்னர் (வடிகட்டி) அடைத்துத் தண்ணீர் தேங்கினால், வாசிப்பு மெயின் குழாயைப் பற்றி எதுவும் சொல்லாது.

தண்ணீரின் கடத்துதிறன் குறைந்தால், கரைசலின் தடையும் துருவத் தடையோடு சேர்ந்துகொள்ளும். கருவி அரிப்பைக் குறைத்துக் காட்டும். டவர் தண்ணீரில் இது சிக்கல் இல்லை. கண்டென்சேற் (நீராவி குளிர்ந்து வரும் தண்ணீர்), ஆர்ஓ தண்ணீர் போன்றவற்றில் பெரிய சிக்கல். அங்கே இந்த வகையைப் பரிந்துரைக்க முடியாது. எண்ணெய், வாயு இருக்கும் குழாய்க்கும் ஆகாது. ஈஆர் புரோப் (உலோகம் தேயத் தேய அதன் மின்தடை ஏறுவதை அளப்பது) வாங்குங்கள். மெதுவாகத்தான் பதில் சொல்லும், ஆனால் அதற்குத் தண்ணீர் தேவையில்லை.

கொழும்புக்கென்று இரண்டு விடயம். கடற்காற்று அடிக்கும் மாடியில் பெட்டியின் கேபிள் கிளாண்டை (கேபிள் நுழையும் இறுக்கி) மேலே பார்த்தபடி வைத்தால், மழை கேபிளைப் பிடித்துக்கொண்டு நேரே உள்ளே இறங்கும். கிளாண்ட் கீழ்நோக்கி இருக்கட்டும், கேபிளில் ஒரு தொங்கல் வளைவு விடுங்கள். பயன்படுத்தாத துளையில் பிளாஸ்டிக் மூடி போதாது, உலோக பிளக் போடுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பையொன்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அடுத்தது இடி. ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பிற்பகல் மின்னல் மாடியில் இருக்கும் கருவிகளைத் தேடி வரும். ட்ரான்ஸ்மிட்டர் முனையில் சேர்ஜ் பாதுகாப்பு போடுங்கள். கேபிள் ஷீல்டை கொன்ட்ரோல் அறைப் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். இரண்டு முனையிலும் எர்த் கொடுத்தால் சிறிய மில்லிவோல்ற் அளவீட்டில் சத்தம் ஏறும்.

வருடத்துக்கு ஒருமுறையாவது கூப்பனோடு ஒப்பிடவேண்டும். ஏஎஸ்டிஎம் ஜி1 தரநிலையின் சூத்திரம்: இழந்த எடையை கிராமில் எடுத்து 87,600ஆல் பெருக்கி, பரப்பு, மணி, அடர்த்தி மூன்றின் பெருக்கத்தால் வகுங்கள். 22 சதுர சென்ரிமீற்றர் கூப்பன் 90 நாளில் 0.25 கிராம் இழந்தால் ஆண்டுக்கு 0.059 மில்லிமீற்றர். அதே 90 நாளின் எல்பிஆர் சராசரி இதில் பாதிக்கும் இரட்டிப்புக்கும் இடையில் இருந்தால் இந்தத் தொழிலில் அது நல்ல பொருத்தம். எப்போதும் ஒரே பக்கம் விலகினால் பி மாறிலியைக் கூப்பனுக்கும் சராசரிக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கித் திருத்துங்கள். ஆனால் முதலில் எலெக்ட்ரோட் பரப்பைச் சரியாகப் பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். 5 வரவேண்டிய இடத்தில் 9 பதிந்திருந்தால் எல்லா வாசிப்பும் பாதியளவுதான் வரும், யாரோ அதை மருந்தின் வெற்றி என்று எழுதியிருப்பார்கள்.

வாங்கலாமா? சாதாரண கூலிங் டவருக்கு வாங்கலாம், மூன்று கேள்விக்கு விற்பவர் ஆம் என்று சொன்னால். துருவத் தடையை ஓமில் ஹார்ட் வழியாக வாசிக்க முடியுமா? டம்மி செல் கூட வருகிறதா, இல்லாவிட்டால் கனெக்டரின் பின் வரைபடமாவது தருவார்களா? பி மாறிலியையும் பரப்பையும் நாமே மாற்ற முடியுமா? ஓமைக் காட்டாமல் ஆண்டு மில்லிமீற்றரை மட்டும் காட்டும் கருவி மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள், அதில் பழுது தேட வழியில்லை. குழிக் காரணியுள்ள விலை கூடிய வகை, குளோரைட் கூடும் தண்ணீருக்கும் ஸ்ரெயின்லெஸ் வெப்பமாற்றிக்கும்தான் பொருத்தம். மைல்ட் ஸ்டீல் குழாய்க்கு அது அதிகம்.

கட்டளை கொடுக்கும்போதே எலெக்ட்ரோட் மூன்று தொகுதி, சீலிங் வளையம் ஒரு டசின், கனெக்டரோடு கேபிள் ஒன்று சேர்த்துப் போடுங்கள். பிறகு தனியாகக் கேட்டால் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், கப்பல் கூலி எலெக்ட்ரோட்டின் விலையைத் தாண்டும்.